தண்ணீருக்கு மட்டும்

6 ஜூன் 2023, செவ்வாய்

கோணல் மாணலாகப் போகும் இந்தக் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இதைப் படிக்கப்போவது நான் ஒருவன்தான். சரி, என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். வரி மலை மாதிரி ஏறுகிறது, பிறகு சரிகிறது. நான் பேனாவை ஸ்பானர் பிடிப்பது போலப் பிடிக்கிறேனாம், லியென் டீச்சர் சொல்கிறார். இவ்வளவு எழுதுவதற்குள் ஒரு கோப்பைத் தேநீர் முழுக்க ஆறிப்போயிற்று.

ஆனால் எழுதிவிட்டேன்! ரெக்ஸ் பாஸ்கோ. வயது எழுபத்திரண்டு. ஊர் போர்ட் பிரீ, தென் ஆஸ்திரேலியா. என் பெயரை நானே எழுதி நானே படித்தேன். அது ஓடிப்போகவில்லை, அங்கேயே நிற்கிறது.

அப்பா ரயில் பாதை போடும் கூட்டத்தில் வேலை பார்த்தார். பாதை நகர நகர நாங்களும் நகர்ந்தோம். ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை. போன வருடம் நோலின்தான் என்னை நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை தோறும் வகுப்பு. வாரா வாரம் மனதில் இருப்பதை எழுது, பொய் எழுதாதே என்பது டீச்சர் போட்ட சட்டம்.

மனதில் இருப்பது தவளை. தவளை எங்கள் காரின் பெயர். பச்சை நிற செடான், எண்பத்து நான்காம் வருடத்து வண்டி, ஆறு சிலிண்டர். என்னுடையது பாதி, மச்சான் டார்சியுடையது பாதி. டார்சி நோலினுடைய அண்ணன். நாலு வருடத்துக்கு முன்னால் அது எரிந்துபோனது. இப்போது மறுபடி எழுந்து நிற்கிறது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி: ஒற்றை டர்போவா, இரட்டை டர்போவா?

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

7 ஜூன், புதன்

காலையில் பால் டப்பாவை நான்கு பக்கமும் படித்தேன். நோலின் அவளுடைய தேநீருக்குக் காத்திருந்தாள்.

10 ஜூன், சனி

கார் கிளப்பில் காலைத் தேநீர். வழக்கமான ஆட்கள்தான். அங்கே சுவரில் ஆளுக்கொரு கொக்கி, அவரவர் கோப்பை. டார்சியின் கோப்பையில் கிளப்பின் கிண்டல்காரன் ஸ்னோ இரண்டு தீ நாக்கு வரைந்து வைத்திருக்கிறான். அது நாலு வருடமாக இருக்கிறது. இன்றைக்கும் ஆரம்பித்தான்.

“என்ன ரெட்டை அடுப்பு, டீக்குத் தண்ணிய உன் பானெட்டு மேல வெச்சிரலாமா?”

“வை வை. ஆனா கேஸ் நீ கொண்டாரணும்” என்றான் டார்சி. எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. அந்தக் கையில் மூன்று விரல் ஒட்டிப்போய்விட்டது. கோப்பையை இடது கையால்தான் பிடிக்கிறான்.

வெல்டிங் நுன்சியோ என்னிடம் வந்தான். “ரெக்ஸ், புகைக்குழாய் வெட்டணும். ஒத்தையா ரெட்டையா, பதினஞ்சாந் தேதிக்குள்ள சொல்லு, அடுத்த மாசம் பதினஞ்சு. அதுக்கப்புறம் நான் பெர்த்துக்கு மக வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வந்தா வந்தேன்.”

நான் டார்சியைப் பார்த்தேன்.

“ஒத்தையே போடு மச்சான். நீ அன்னிக்கே சொன்ன. ரெட்டை என் கொழுப்பு.”

எனக்காக எழுதி வைக்கிறேன். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சக்கரம். ஒற்றை என்றால் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரு பெரிய டர்போ. பெரிய சக்கரம் சுற்ற நேரம் எடுக்கும். மிதித்தால் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. பிறகு முதுகில் உதைக்கும். ஆனால் குழாய் குறைவு, சூடு குறைவு, பானெட்டுக்குள் கையை விட இடம் இருக்கும். இரட்டை என்றால் மூன்று சிலிண்டருக்கு ஒன்று. சின்னச் சக்கரம், மிதித்த உடனே சுற்றும். கடைக்கும் நூலகத்துக்கும் ஓட்டுகிற தெரு வண்டிக்கு அதுதான் சுகம். ஆனால் எல்லாம் இரண்டிரண்டு. எண்ணெய் போகிற குழாய் இரண்டு, திரும்புகிற குழாய் இரண்டு, தண்ணீருக்கு நான்கு. பின்பக்க டர்போவுக்குக் கை எட்டவே எட்டாது.

அப்போது நான் ஒற்றை என்றேன். டார்சி இரட்டை என்றான். ஒரு வருடம் சண்டை போட்டோம், அவன் ஜெயித்தான். பதினோரு வாரம் தவளை தேன் மாதிரி ஓடியது. பிறகு ஒரு ஞாயிறு டார்சி நோலினை ஏற்றிக்கொண்டு ஜெர்மைன் பாலத்துக்குப் போனான். பாதி வழியில் புகை. அவளை இறக்கிவிட்டு பானெட்டைத் திறந்தான். தீ அவன் கையைப் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து அவன் ‘ரெட்டை என் கொழுப்பு’ என்கிறான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள்ளே ஒரு சின்ன இனிப்பு. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பொய் எழுதக் கூடாதே.

13 ஜூன், செவ்வாய்

இன்று வகுப்பில் சின்ன வார்த்தைகள். ‘பிறகு’, ‘ஆனால்’, ‘கூட’, ‘மட்டும்’. பெரிய வார்த்தைகளை விடச் சின்ன வார்த்தைகள்தான் ஆளைக் கவிழ்க்கும் என்றார் டீச்சர். “ரெக்ஸ், ‘மருந்து’ன்னு படிச்சா மட்டும் போதாது. ‘வெளியே பூச மட்டும்’னு அதுல இருந்தா?” எல்லோரும் சிரித்தோம். பக்கத்து நாற்காலி ஆள் ஒருமுறை அப்படித்தான் ஒன்றைக் குடித்திருக்கிறார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு யோசனை வந்திருக்கிறது. ஷெட்டில் இருக்கிற எல்லாப் பெட்டியையும் படிக்கப்போகிறேன். முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை. டார்சி கைபட எழுதிய மாஸ்கிங் டேப் எவ்வளவு ஒட்டிக் கிடக்கிறது அங்கே! எழுதினவனைக் கேட்காமல் நானே படிப்பேன்.

14 ஜூன், புதன்

மூன்று அலமாரி முடிந்தது. ‘தலையை இறுக்கும் போல்ட் பதினான்கு’. ‘கீழ் மூடி. கீறல் உண்டு’. ‘இது நல்லது இல்லை, ஆனால் எறியாதே’. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அவன் குரல் அப்படியே கேட்கிறது.

பழைய டேப்புகளில் எழுத்து கிடையாது, படம்தான். துளி போட்டால் எண்ணெய். அலை போட்டால் தண்ணீர். மின்னல் போட்டால் கரண்ட். குறுக்குக் கோடு போட்டால் தொடாதே. எனக்காக வரைந்தவை அவை. லாரிப் பட்டறையில் முப்பத்தெட்டு வருடம் நானும் அவனும் பக்கத்துப் பக்கத்துக் குழியில் வேலை பார்த்தோம். எனக்கு வரும் வேலைச் சீட்டை அவன் முணுமுணுப்பாகப் படிப்பான், தனக்குத் தானே பேசிக்கொள்கிற மாதிரி. எனக்குக் காது கேட்கும். மற்றவர்கள் அவனைக் கிறுக்கன் என்றார்கள். அவன் முணுமுணுப்பதை நிறுத்தவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது என்பது நோலினுக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். (‘மட்டும்’ சரியாக எழுதிவிட்டேன்!)

15 ஜூன், வியாழன்

மேல் தட்டில் ஒரு அட்டைப் பெட்டி. தீ பிடித்த பிறகு யாரும் தொடாதது. உள்ளே இரண்டு சுருள் ரப்பர் ஹோஸ். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே பருமன். ஒன்று வெட்டின சுருள், ஒரு முழம் குறைவு. இன்னொன்று புதிது, முனைகூட வெட்டவில்லை.

புதிய சுருளில் டேப். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனேன். ‘பின் டர்போ. எண்ணெய் திரும்ப.’

வெட்டின சுருளில் டேப். ‘தண்ணீருக்கு மட்டும்.’

மறுபடி படித்தேன். எனக்கு எப்போதும் திரும்பித் திரும்பித் தெரிகிற எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துப் படித்தேன். தப்பாகப் படித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே படித்தேன். பதினோரு தடவை. பன்னிரண்டாவது தடவையும் அதேதான்.

பின் டர்போவுக்கு ஹோஸ் போட்டது நான். முன்பக்கம் டார்சி, பின்பக்கம் நான். நான்தான். வேற யாரும் கை வைக்கல.

தண்ணி ஹோஸ்ல கொதிக்கிற எண்ணெய் போனா என்ன ஆகும்? ஊறும். பஞ்சு மாதிரி ஆகும். பத்து வாரம் தாங்கும், பதினோரு வாரம் தாங்கும். அப்புறம் பிச்சுக்கும். நெருப்பா இருக்கிற டர்போ மேல எண்ணெய் ஊத்தும்.

ரெட்டை மேல தப்பு இல்ல. என் மேல.

16 ஜூன், வெள்ளி

படிக்கக் கற்றுக்கொடுத்தவரையெல்லாம் மனதுக்குள் திட்டினேன்.

18 ஜூன், ஞாயிறு

அன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதினால் வேறு மாதிரி தெரியுமோ என்னவோ.

2019 ஜூலை, ஒரு சனிக்கிழமை. கிளப் ஆட்கள் ஐந்தாறு பேர் ஷெட்டுக்கு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரம் ஸ்னோ ஒரு டேப்பில் துளிப் படத்தைப் பார்த்துவிட்டு, “என்ன டார்சி, பாலர் பள்ளி நடத்துறியா? அடுத்து யானை வரைவியா?” என்று கேட்டிருந்தான். அதனால் அன்று டார்சி படம் வரையவில்லை, எழுத்தில் எழுதினான். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தான். பிறகு காதோடு சொல்லிவிடலாம் என்று நினைத்திருப்பான்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு சுருளை எடுத்தேன். டேப்பைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படிக்கிற மாதிரி உதட்டை அசைத்தேன். இந்தக் கூத்தை அறுபது வருடமாக ஆடி வருகிறேன், நன்றாகவே வரும். டார்சி என்னைப் பார்த்தான். புரிஞ்சுதா என்று கண்ணாலே கேட்டான். நான் தலையை ஆட்டினேன். சுருளை அமுக்கிப் பார்த்து, கெட்டியாக இருக்கிறது, இதுதான் எண்ணெய்க்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவன் என் கையை நம்பினான். அந்தக் கை அதுவரை தப்புப் பண்ணினதில்லை.

ஒரு தலையாட்டல். கேட்டிருந்தால் போதும். ‘என்னடா எழுதியிருக்க?’ நாலு பேர் சிரித்திருப்பார்கள். ஸ்னோ ஒரு வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பான். அவ்வளவுதானே?

எழுதிவிட்டேன். அதே மாதிரிதான் தெரிகிறது.

20 ஜூன், செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. முதுகு வலி என்று நோலினிடம் சொன்னேன்.

22 ஜூன், வியாழன்

ஒற்றை போட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இரட்டை கெட்டது, ஒற்றை நல்லது, ரெக்ஸ் அன்றைக்கே சொன்னான். கதை முடிந்தது.

இரட்டை போட்டால் ‘ஏன்டா, எரிஞ்சதையே திரும்பப் போடற?’ என்று கேட்பார்கள். அப்போது சொல்லியாக வேண்டும்.

வண்டியைப் பற்றித்தான் யோசிக்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

24 ஜூன், சனி

நுன்சியோ கேட்டான். டார்சி பக்கத்தில் நின்றான். வாயைத் திறந்தேன்.

“ஒத்தை” என்றேன்.

ஸ்னோ கை தட்டினான். “எரிஞ்ச பிறகாவது புத்தி வந்துச்சே, ரெட்டை அடுப்பு! இதையே மொதல்ல கேட்டிருக்கலாமில்ல?” டார்சி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். இடது கையால் என் கோப்பையில் தேநீர் ஊற்றினான். மேசையில் கொஞ்சம் சிந்தியது. “மன்னிச்சிரு மச்சான்” என்றான்.

என்னிடம். அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்.



27 ஜூன், செவ்வாய்

வகுப்பில் என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். ரயில் கால அட்டவணை. ‘வார நாட்களில் மட்டும்.’ அந்த வார்த்தைக்கு முன்னால் நின்றுவிட்டேன். தெரியாமல் இல்லை. தெரிந்துதான் நின்றேன். “பரவாயில்லை, மெதுவா” என்றார் டீச்சர். எழுந்து வந்துவிட்டேன்.

நோலின் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். “என்ன, பத்து நாளா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு? அந்தப் பொம்பள திட்டினாளா?” சுருளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் டேப்பைப் படித்தாள். அவளுக்கு ஒரு நொடி போதும். எனக்கு நாலு வருடம் ஆனது.

எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

“அன்னிக்கு வண்டியில நானும் இருந்தேன், ரெக்ஸ்.”

“தெரியும்.”

“நாலு கிறிஸ்மஸா எங்கண்ணன் என்னைப் பாத்து, மன்னிச்சிரு நோலி, உன்னக் கொல்லப் பாத்தேன்னு சொல்லிட்டிருக்கான். நீ பக்கத்துல உக்காந்து ஹாம் தின்னுட்டு இருந்த.”

“அப்ப எனக்குத் தெரியாதே!”

“இப்பத் தெரியுமில்ல?”

கத்தியை மறுபடி எடுத்தாள். பூசணிக்காய் முழுவதையும் வெட்டி முடித்தாள். அவ்வளவு பூசணிக்காய் இரண்டு பேருக்கு எதற்கு?

29 ஜூன், வியாழன்

சொன்னால் அவன் விரல் திரும்பி வருமா? வராது. பிறகு எதற்குச் சொல்ல வேண்டும்? என் மனசு லேசாகவா? அது லேசாக வேண்டாம். கனக்கட்டும்.

ஆனால் அவன் மனசு?

1 ஜூலை, சனி

போனேன்.

டார்சியின் வீடு மீன்பிடித் துறைக்குப் பின்னால். தனியாள், ஒரே அறை. முன்பெல்லாம் சுவர் முழுக்க ஸ்பானர் தொங்கும். இப்போது ஆணிகள் மட்டும் இருக்கின்றன. ஒவ்வொரு ஆணிக்குப் பின்னாலும் ஸ்பானரின் உருவத்தில் வெளுக்காத பெயின்ட்.

“வா மச்சான். வெளியில காத்து கொல்லுது, கதவச் சாத்து. கறி வெச்ச பேஸ்ட்டி இருக்கு, சூடு பண்ணட்டா?”

“வேணாம்.”

“வேணாமா? உடம்புக்கு என்ன?”

இரண்டு சுருளையும் மேசையில் வைத்தேன். அவன் கண்ணாடியைத் தேடினான். தலையிலேயே இருந்தது. முதல் டேப்பைப் படித்தான், இரண்டாவதைப் படித்தான். நான் சொல்ல ஆரம்பித்தேன். “பெட்டிய நேத்து... இல்ல, ரெண்டு வாரம் முன்னாடி படிச்சேன். மேல் தட்டுல இருந்துச்சு.”

அவன் நிமிர்ந்தான்.

“நீயா படிச்ச?”

“நான்தான்.”

“நீயே? எழுத்துக் கூட்டி?”

“ம்.”

அவன் முகம் ஒரு கணம் அப்படி மலர்ந்தது. என் கல்யாணத்தன்று கூட அவனை அப்படிப் பார்த்ததில்லை. “டேய் மச்சான்! படிச்சிட்டியாடா!” என்று என் தோளில் அடித்தான். அந்தக் கையால். ஒட்டிப்போன அந்தக் கையால்.

பிறகு அவன் கண் மறுபடி சுருளுக்குப் போனது. எது வெட்டியிருக்கிறது, எது முழுசாக இருக்கிறது என்று பார்த்தான். ஒரு மெக்கானிக்குக் கதை சொல்ல வேண்டியதில்லை. அவன் முகத்தில் அது ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஹோஸ். எண்ணெய். பதினோரு வாரம். தீ.

 கெட்டில் தானாகக் கொதித்து தானாக நின்றது.

“நான் டூல்ஸ வித்தேன், ரெக்ஸ்.”

‘ரெக்ஸ்’ என்றான். ஐம்பது வருடத்தில் அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

“கைக்காக இல்ல. இடது கையால பழகியிருப்பேன். எனக்கு ஆசைப்படத் தெரியாது, ஆசைப்பட்டா ஆளக் கொல்லுவேன்னு நெனச்சு வித்தேன். என் தங்கச்சிய...” அங்கேயே நிறுத்திவிட்டான்.

“என்கிட்டே கேட்டிருக்கலாமேடா நீ. ஒரு வார்த்த.”

“எல்லாரும் இருந்தாங்க, டார்சி.”

“எனக்கு முன்னாடி என்னடா உனக்கு வெக்கம்?”

மேசையிலிருந்த சுருள்களைக் கையில் எடுத்தேன்.

“போறப்ப கதவச் சாத்திட்டுப் போ” என்றான்.

சாத்திவிட்டு வந்தேன். பூட்டுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டுக் கதவு பூட்டி நான் பார்த்ததே இல்லை.

2 ஜூலை, ஞாயிறு

நோலின் போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை.

4 ஜூலை, செவ்வாய்

நுன்சியோவிடம் குழாயை வெட்டாதே என்றேன். “ஒத்தைன்னு சொன்னியே?” “சொன்னேன். இப்ப தெரியல.” “வயசான காலத்துல சின்னப் பொண்ணு மாதிரி மாத்தி மாத்திப் பேசற” என்றான். “பதினஞ்சு, ஞாபகம் வெச்சுக்க.”

வகுப்புக்குப் போனேன். ஏன் அன்று எழுந்து போனேன் என்று டீச்சர் கேட்கவில்லை. நானே கையைத் தூக்கி அதே அட்டவணையைப் படித்தேன். கடைசி வரை. ஒரு சந்தோஷமும் இல்லை. ஆனால் படித்தேன்.

8 ஜூலை, சனி

கிளப்புக்கு டார்சி வரவில்லை. கொக்கியில் அவன் கோப்பை, இரண்டு தீ நாக்கோடு தொங்கியது.

“எங்கடா ரெட்டை அடுப்பு? அணஞ்சிருச்சா?” என்றான் ஸ்னோ.

நான் எழுந்து நின்றேன்.  “ரெட்டை மேல தப்பில்ல. டார்சி மேலயும் இல்ல. பின்பக்க ஹோஸ மாத்திப் போட்டது நான். டேப்புல எழுதியிருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்.”

 யாரோ பிஸ்கட்டைக் கடித்துவிட்டு மெல்லாமல் நிறுத்தினார்கள்.

“இருப்பா” என்றான் ஸ்னோ. “போன வருஷம் கறித்தட்டுப் பரிசுக் குலுக்கல்ல சீட்டுல இருந்த பேரெல்லாம் நீதான படிச்ச?”

“வாய்க்கு வந்த பேரச் சொன்னேன்.”

“அதான் செத்துப்போன ஹாரிக்கு ஆட்டுக்கால் விழுந்துச்சா!”

சிரிப்பு வெடித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? அறுபது வருடம் எந்தச் சிரிப்புக்குப் பயந்தேனோ அது இவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. இதற்காகவா அவன் கை போனது?

அதை நினைத்ததும் அழுதுவிட்டேன். எல்லோர் முன்னாலும். சிரிப்பு நின்றது.

கிளம்பும்போது பார்த்தேன். ஸ்னோ தொட்டியருகில் நின்று டார்சியின் கோப்பையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நல்ல பெயின்ட், சுலபமாகப் போகாது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

11 ஜூலை, செவ்வாய்

ஒன்றும் இல்லை. போனும் இல்லை, ஆளும் இல்லை.

13 ஜூலை, வியாழன்

நோலின் அவனுக்குப் பூசணி சூப் கொண்டுபோனாள். வாங்கிக்கொண்டானாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். “ஸ்னோ வந்துட்டுப் போனதா மட்டும் சொன்னான்” என்றாள்.

ஷெட்டில் தவளை பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. டர்போ உட்கார வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஒற்றையோ இரட்டையோ, யார் ஓட்டப்போகிறார்கள்? வண்டியை விற்றுவிடலாம். அவன் பாதியை அவனுக்குக் கொடுத்துவிட்டு, என் பாதியையும் அவனுக்கே கொடுத்துவிடலாம். அதனாலும் ஒன்றும் சரியாகிவிடாது.

எழுபத்திரண்டு வயதில் படிக்கக் கற்றுக்கொண்டு, நான் முதலில் படித்த உருப்படியான வரி அந்த ‘தண்ணீருக்கு மட்டும்’.

14 ஜூலை, வெள்ளி

காலையில் நூலகத்துக்குப் போய்விட்டுப் பதினொரு மணிக்குத் திரும்பினேன். ஷெட்டின் இரும்புக் கதவில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தது. போகும்போது அது இல்லை.

யாரோ சின்னப் பிள்ளை எழுதின மாதிரி எழுத்து. வரி மலை மாதிரி ஏறி, பிறகு சரிந்தது. ஒரு எழுத்து திரும்பி நின்றது. ஒரு நிமிடம் என் கையெழுத்தோ என்றே நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. இடது கை.

அவன் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். அந்தப் பழைய டேப்பில் இருக்கிற மாதிரி.

விரலை வைத்துப் படித்தேன்.

‘ரெண்டு. ஹோஸ் நான் மட்டும்.’

துளி இல்லை. அலை இல்லை. படம் எதுவுமே இல்லை. எழுத்து மட்டும்.

நோலினைக் கூப்பிடவில்லை. நானே மூன்று தடவை படித்தேன். மச்சான் என்று போட்டிருக்கிறானா என்று டேப்பின் பின்பக்கம்கூடப் பார்த்தேன். இல்லை. மன்னித்துவிட்டானா? அது அதில் எழுதியிருக்கவில்லை. எழுதாததைப் படிக்க எனக்கு இன்னும் யாரும் சொல்லித்தரவில்லை.

நுன்சியோவுக்குப் போன் போட்டேன். “ரெட்டை” என்றேன். “இது கடைசிப் பேச்சா?” என்றான். “டார்சி எழுதிக் கொடுத்துட்டான்” என்றேன். பெர்த்துக்குக் கிளம்புமுன் நாளைக்கே குழாயை வெட்டித் தந்துவிடுவானாம்.

அவன் எந்த நாள் வருவான் என்று எழுதவில்லை. அந்தக் கையால் ஹோஸ் கவ்வியை எப்படி இறுக்குவான் என்றும் தெரியவில்லை. என்னைத் தொடவிடமாட்டான். நான் விளக்குப் பிடித்துக்கொண்டு நிற்பேன், நிற்கவிட்டால். அவனுக்கு என் சின்ன ஸ்பானர் செட்டைத் துடைத்து மேசையில் வரிசையாக வைத்திருக்கிறேன், இடது கைப் பக்கம்.

வந்தாலும் அடுத்த வாரம் இங்கே எழுதுகிறேன். வராவிட்டாலும் எழுதுகிறேன். ஷெட்டில் மாஸ்கிங் டேப் தீர்ந்துவிட்டது, அவன் எழுத வாங்கிவர வேண்டும்.